ஓடும் கால்களும் உறுதியான மனமும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டு. பரிசு கிடைக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களோடு இரண்டு வார்த்தை.

நம் நாட்டு வீராங்கனை எம். இராஜமணி 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார். இறுதிச் சுற்றை எட்டவில்லை. ஆனால் ஓட்டத்தை விடவில்லை. 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில், அதே 400 மீட்டரில் தங்கம் வென்றார். இடையில் இரண்டே ஆண்டுகள்!

400 மீட்டரில் கடைசி 100 மீட்டர்தான் சோதனை. கால் கனக்கும், மூச்சு முட்டும். "போதும், நின்னுடு" என்று மனம் சொல்லும். அப்போது, "அதோ, அந்தப் பால்மரம் வரைக்கும்" என்று பதில் சொல்லிப் பழகுங்கள். அங்கே போனதும் அடுத்த மரம். பக்கத்தில் ஓடுபவனைப் பார்க்காதீர்கள். நேற்று எங்கே நின்றீர்களோ, இன்று அதைத் தாண்டுங்கள். இப்படிப் பழகிய மனம், கடினமான கணக்கைக் கண்டாலும் புத்தகத்தை மூடாது.

பெற்றோர்களே! இருட்டோடு எழுந்து பால்மரம் சீவவும் செம்பனைக் குலை வெட்டவும் போகிறவர்களுக்கு இந்த உறுதி புதிதா? "ஓடி என்னத்த சாதிக்கப் போற?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு எத்தனை மரம் தாண்டின?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். பிள்ளை நாளைக்குத் தானே எழுந்து ஓடுவான்.