வாடிய செடியும் தேங்கிய நீரும்

(தோட்டப்புற மக்களுக்கான உரை)



நம் குடியிருப்புகளில் பூச்செடி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பழைய பால்மாவு டின்னிலும் சாய டின்னிலும் பத்துமணிப் பூச்செடியை வளர்த்துத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவோர் பலர். மலாய்ச் சகோதரர்கள் அதனை ரோஸ் ஜெப்புன் என்பர். அச்செடியைத் தாக்கும் வேரழுகல் நோயைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம். செடியோடு நில்லாமல் வீட்டாரின் உடல்நலத்தையும் தொடும் செய்தி இது.

பத்துமணிப் பூவின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கு மணற்பாங்கான வறண்ட நிலத்தில் படர்ந்து வளர்வது அது. அதன் தடித்த இலையும் தண்டும் நீரைச் சேமித்து வைப்பவை. ஆகவே, சில நாள் நீரின்றி வாழும். நீரில் ஊறிக் கிடந்தால் வாழாது. வேருக்கு நீரைப் போலவே காற்றும் இன்றியமையாதது. மண்ணின் இடுக்குகளை நீர் நிரப்பிவிட்டால் வேர் மூச்சடைத்து இறக்கும். பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் அவ்வீரத்தில் பெருகி வேரை அழிக்கும். நாற்றுப்பண்ணையில் இரப்பர்க் கன்று வைக்கும் பைகளில் துளையிடுவது ஏன் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே நியாயந்தான் பூந்தொட்டிக்கும்.

நோய்கண்ட செடியின் இலைகள் மஞ்சளித்துக் குழைந்து உதிரும். தண்டின் அடி கறுக்கும். மண் ஈரமாயிருந்தும் செடி வாடும். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். வேர் அழுகியதால் நீரை உறிஞ்ச இயலாது வாடும் செடியை, தாகத்தால் வாடுவதாக எண்ணி மேலும் நீர் வார்க்கின்றனர். வாட்டங்கண்டால் முதலில் மண்ணுள் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் நீர் வார்க்காதீர்கள்.

நோய் முற்றாதிருப்பின் செடியைக் காப்பாற்றலாம். அதனைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதறுங்கள். நல்ல வேர் வெண்மையாய் உறுதியாய் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகித் தொட்டவுடன் கழன்று வரும். அழுகிய பகுதிகளைத் தூய கத்தியால் அறுத்தெறிந்து, செடியை ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். பருமணல் பாதியும் தோட்டமண் பாதியும் கலந்து, அடியில் துளையிட்ட டின்னில் நடுங்கள். சில நாள் கழித்தே நீர் வாருங்கள். அடித்தண்டே அழுகிவிட்டால், நுனியில் விரல் நீளத் துண்டுகளை நறுக்கி, ஒரு நாள் உலர்த்தி மணலில் ஊன்றுங்கள். அவை வேர்விட்டுப் புதுச்செடியாகும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். வடிந்த நீரைத் தாங்குவதற்காகத் தொட்டியின் கீழே தட்டு வைக்கிறோம். அதில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வதோடு, டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டிலாகிறது. குருதிக் கசிவோடு கூடிய கடுமையான டிங்கி, நம் நாட்டில் 1962ஆம் ஆண்டில் பினாங்கில் கண்டறியப்பட்டது. அன்று முதல் அது பல உயிர்களைக் கவர்ந்துள்ளது. கொசு பெருகும் வண்ணம் நீரைத் தேங்கவிடுவது, 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

ஏடிஸ் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிருடன் இருக்கும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டையே அகற்றிவிடுதல் அதனினும் நன்று. மழைக் காலத்தில் தொட்டிகளைக் கூரைநீர் விழாத, வெயில்படும் இடத்திற்கு மாற்றுங்கள். வீட்டில் எவருக்கேனும் கடுங்காய்ச்சல் கண்டால், தாமே ஆஸ்பிரின் கொடுக்காமல் உடனே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அளவறிந்து நீர் வார்ப்போம்; தேங்கிய நீரை அகற்றுவோம். ஒரே செயலால் செடியும் பிழைக்கும், நம் பிள்ளைகளும் காக்கப்படுவர். நாளைக் காலை வேலைக்குப் புறப்படுமுன் உங்கள் தொட்டிகளின் அடியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.