திருத்தாத உயில், தீராத வருத்தம்



குடும்ப ஒற்றுமைக்குத் துணை நிற்பது ஒருமுறை எழுதி முடித்த உயிலா, அவ்வப்போது திருத்திய உயிலா? இதுதான் தலைப்பு. திருத்திய உயிலே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அம்மா கேட்டார்கள்: "உயில்ங்கிறது பெரியவங்க வாக்கு. வாக்கை மாத்தலாமா?" அம்மா, வாக்கு மாறக்கூடாது; ஒத்துக்கிறேன். ஆனா வாழ்க்கை மாறுதே! குழந்தை பிறந்தா ரேஷன் கார்டில் பேர் சேர்க்கிறோம். கண் மங்கினா கண்ணாடியை மாத்துறோம். உயிலை மட்டும் பீரோவில் வச்சு, ரெண்டு நாப்தலின் உருண்டையும் போட்டுப் பூட்டிடுறோம். பூச்சி அரிக்கலைன்னு சந்தோஷம். காலம் அரிச்சிருக்கே, அதை யார் பார்க்கிறது? (சிரிப்பு, கைதட்டல்)

தசரதனைப் பாருங்கள். போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றிய கைகேயிக்கு இரண்டு வரம் கொடுத்தான். அது தொகை எழுதாத செக்! மகனுக்குப் பட்டாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும்போதாவது, பழைய பாக்கி ஏதும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தானா? பார்க்கவில்லை. மகன் காட்டுக்குப் போனான். அப்பன் உயிர் போனது.

புராணம் இருக்கட்டும், நடுவர் அவர்களே. என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

என் அப்பா 1991-இல் உயில் எழுதினார். வீடு எனக்கு, இரண்டு ஏக்கர் நஞ்சை தம்பிக்கு. இரண்டும் அன்று சம மதிப்பு. தராசு பிடித்த மாதிரி நியாயம். 1998-இல் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். வயலை விற்றோம். அம்மா பிழைத்தார்கள். உயிலை யாரும் தொடவில்லை.

2005-இல் அப்பா காலமானார். காரியம் முடிந்து உயிலைப் பிரித்தோம். எனக்கு வீடு இருந்தது. தம்பிக்கு எழுதிய வயல் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது? குறிப்பிட்டு எழுதிய சொத்து, எழுதியவர் கண்மூடும்போது அவரிடம் இல்லையென்றால் அந்த வரி செல்லாது. ஈடாக வேறு சொத்தும் கேட்க முடியாது.

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. இலையில் உட்காராமல் எழுந்து போனான். முனைவர் பட்டம் வாங்கிய நான் என்ன செய்தேன்? சட்டம் என் பக்கம்னு சும்மா இருந்தேன். ரெண்டு வருஷம் அவன் வாசப்படி மிதிக்கலை. 2007-இல் அம்மா போனபோது, தெருவில் ஊரார் மாதிரி நின்றான். அவன் பங்கு வயல்தானே எங்க அம்மாவை ஒன்பது வருஷம் உயிரோட வச்சிருந்தது! அப்புறம்தான் பாதி வீட்டை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டான். ஆனா அதைப் பார்க்க அம்மா இல்லையே!

அப்பா அநியாயக்காரரா? இல்லை. "எழுதினது எழுதினதுதான்" என்று நம்பியவர். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுயநினைவோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு செய்வது நல்லது; கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்து பெறுபவர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. முந்தைய உயிலின் தேதியைக் குறிப்பிட்டு, அதை ரத்து செய்கிறேன் என்று எழுதுங்கள். முறைப்படி எழுதிய கடைசி உயில்தான் நிற்கும்.

"பாங்கில் நாமினி போட்டாச்சே" என்பார்கள். பாங்க் டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர். அதனால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். கம்பெனிப் பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நாமினி பெயரும் உயிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் கல்யாணமா, பிரிவா, பிறப்பா, இறப்பா, நிலம் வாங்கினீர்களா, விற்றீர்களா, அன்றைக்கே உயிலை எடுத்து ஒருமுறை படியுங்கள்.

நடுவர் மணி அடித்துவிட்டார்! ஒரே வார்த்தை. அப்பா 1998-இல் அரைப்பக்கம் திருத்தி எழுதியிருந்தால், என் தம்பி அன்று என் பக்கத்து இலையில் சாப்பிட்டிருப்பான். ஆகவே, குடும்ப ஒற்றுமைக்குத் துணை நிற்பது திருத்திய உயிலே, திருத்திய உயிலே என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)