மிதிவண்டியின் மட்கார்டும் நம் பாதுகாப்பும்

(செலாயாங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)

 

இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மிகச் சிறியது. மிதிவண்டிச் சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் மட்கார்டு, அதைத் தாங்கும் கம்பிகள், அவற்றைப் பிணைக்கும் திருகாணிகள் ஆகியவற்றைப் பற்றியே பேசப்போகிறேன். "இதற்கும் ஓர் உரை வேண்டுமா?" என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு திருகாணி கழன்றதால் பல வாரங்கள் உளி பிடிக்க இயலாமற் போன ஒருவரை நான் அறிவேன். அதனாலேயே பேச முன்வந்தேன்.

அவர் எங்கள் லயத்தில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளி. நாங்கள் அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவருடைய மிதிவண்டியின் முன் மட்கார்டுக் கம்பியிலிருந்த திருகாணி ஒருநாள் எங்கோ விழுந்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு கயிற்றால் கட்டிவைத்தார். ஞாயிறுகள் பல கடந்தன. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலையில், பெரட்டுக்குச் செல்லும் வழியில், மேட்டுச் சரிவிலே கயிறு அறுந்தது. கம்பி சக்கரத்தினுள் புகுந்தது. வண்டி நின்றது, அண்ணன் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டார். வலத்தோள் எலும்பு முறிந்தது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். சுழலும் சக்கரத்தின் கம்பிகளில் மட்கார்டுக் கம்பி மாட்டிக்கொண்டால், சக்கரம் அதனைத் தன்னுடன் இழுத்துச் செல்லும். மட்கார்டு மடங்கிச் சுருண்டு, டயருக்கும் முன் கவைக்கும் இடையே ஆப்புப்போல் இறுகும். முன் சக்கரம் ஒரு நொடியில் நின்றுவிடும். ஓட்டுபவரின் உடலோ சென்ற வேகத்திலேயே முன்னோக்கிப் பாயும். இந்த ஆபத்தை உணர்ந்தே, மிதிவண்டிகளுக்கான அனைத்துலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 4210, முன் மட்கார்டுக்கெனத் தனிச் சோதனையை வகுத்திருக்கிறது. இக்காலத்து மட்கார்டுகள் சிலவற்றில், கம்பி மாட்டிக்கொண்டால் தானே விடுபட்டுவிடும் பிடிப்புகளும் உள்ளன.

ஆகவே முதல் விதி இதுதான்: முன் மட்கார்டின் கம்பி ஒன்று கழன்றிருந்தாலும் அவ்வண்டியில் ஏறாதீர்கள். உடனே சீர்செய்ய இயலாவிடில், மட்கார்டையும் கம்பிகளையும் முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். சேறு தெறித்தால் துவைத்துக்கொள்ளலாம். எலும்பு முறிந்தால் என் செய்வது?

இனி, பழுது ஏன் உண்டாகிறது என்று காண்போம். செம்மண் பாதையின் குலுக்கலில் திருகாணி சிறிது சிறிதாகத் தளர்கிறது. தளர்ந்த திருகாணி, துளையைத் தேய்த்து நீள்வட்டமாக்குகிறது. பின்னர்த் தகடு கிழிகிறது. மழைநீர் துருவை வளர்க்கிறது. பாலை உறையவைக்கப் பயன்படும் பார்மிக் அமிலம் பட்டுவிட்டால் இரும்பு இன்னும் விரைவாக அரிக்கப்படும். அமிலம் தெறித்த வண்டியை அன்றே நல்ல நீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

தொலைந்த திருகாணிக்குப் பதில் புதிதொன்று வாங்கும்போது, பழையவற்றில் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இப்போதைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் 5 மில்லிமீட்டர் திருகாணியே பொருந்தும். பழைய இங்கிலாந்து வண்டிகளின் மரை அங்குலக் கணக்கில் அமைந்தது. அதில் மில்லிமீட்டர் திருகாணியை வலிந்து முறுக்கினால் மரை அழிந்துவிடும். முதலில் விரலால் திருகிப் பாருங்கள். எளிதாகச் சென்ற பின்னரே ஸ்பேனரை எடுங்கள். சங்கிலி உள்ள பக்கத்தில் நீண்ட திருகாணியைப் போடலாகாது. அதன் முனை உட்பக்கம் நீட்டிக்கொண்டு சங்கிலியில் உரசும்.

திருகாணியின் தலைக்கடியில் ஒரு வாஷர் வையுங்கள். மீண்டும் தளராதிருக்க, சுருள் வாஷரோ, உள்ளே நைலான் வளையம் பதித்த நட்டோ பயன்படுத்துங்கள். மட்கார்டின் தகடும் அதன் பிடிப்பும் சேருமிடத்தில், பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டை இடையில் வைத்தால் சத்தமும் குறையும். தகடும் விரைவில் கிழியாது. நம் கைகள் எடுத்த பாலே ரப்பராகி நம் வண்டியைக் காப்பது பொருத்தமன்றோ!

தகட்டில் வெடிப்புக் கண்டால், வெடிப்பு முடியும் இடத்தில் ஒரு சிறு துளையிடுங்கள். அது மேலும் பரவுவது தடைப்படும். பின்பு பால்மாவு டின்னிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை வெட்டி, ஓரங்களை மழுக்கி, வெளிப்புறம் வைத்து ஆணியடித்து இறுக்குங்கள். கம்பியைத் தாங்கும் பட்டையின் ஆணி அறுந்திருந்தால், அங்கே திருகாணி போடலாம். அதன் தட்டையான தலை டயர்ப் பக்கமும், நட் வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். மாறினால் டயர் கிழியும்.

துரு தின்று தகடு பொடியாகிவிட்டதெனில் ஒட்டுப்போடுவது வீண். புதிய மட்கார்டு வாங்குங்கள். டயரின் பக்கத்தில் 26 அல்லது 28 அங்குலம் என அளவு பொறிக்கப்பட்டிருக்கும்; அதற்கேற்பக் கேளுங்கள். மட்கார்டு டயரைவிடச் சற்று அகலமாக இருத்தல் நலம். பூட்டிய பின், டயருக்கும் தகட்டுக்கும் இடையே எங்கும் ஒரு விரல் நுழைய வேண்டும். ஒட்டும் செம்மண்ணில் ஓடும் வண்டிக்கு இதனினும் இடைவெளி தேவை. பின் மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் இருந்தால், அதையும் மறவாமல் மாற்றிப் பூட்டுங்கள். இருளில் பின்னால் வருபவருக்கு நம்மைக் காட்டுவது அதுவே.

உதிரிப் பொருள்களின் பெருமையை நம் நாட்டு வரலாறே கூறும். 1941 டிசம்பர் 8ஆம் நாள் படையெடுப்பைத் தொடங்கிய ஜப்பானியப் படையினர் பலர் மிதிவண்டிகளிலேயே தெற்கு நோக்கி விரைந்தனர். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் அவர்கள் வசமாயிற்று. போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் விற்பனையாகியிருந்தமையால், பழுதான வண்டிக்கு வேண்டிய பாகங்கள் வழியெங்கும் கிடைத்தன. பழுதுபார்ப்பவர்களும் படையோடு வந்தனர். அந்தத் துயரக் காலத்தை நம் முன்னோர் நன்கறிவர். நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பொருத்தமான சிறு பாகம் கையில் இருப்பின் பயணம் தடைப்படாது.

செலாயாங்கைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பல இன்று குடியிருப்புகளாகிவிட்டன. பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர். எனினும் நம் வீட்டு முதியவர்களும் பிள்ளைகளும் இன்னும் மிதிவண்டி ஓட்டுகின்றனர். அவர்கள் குறையைக் கண்டாலும் வாய்திறந்து கூறுவதில்லை. நாம்தாம் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வண்டியைச் சிறிது தூக்கிக் கீழே தட்டுங்கள். எங்கே கடகடவென்று ஒலிக்கிறதோ, அங்கே ஸ்பேனரை வையுங்கள். ஒரு தகர டப்பாவில் நான்கு திருகாணி, நான்கு நட், சில வாஷர் எப்போதும் இருக்கட்டும். அண்ணனின் வீட்டில் இன்றும் அத்தகைய டப்பா ஒன்று உண்டு; விழுந்த பின் வாங்கியது. நீங்கள் விழுமுன் வாங்குங்கள்.