எங்களை யாரும் கேட்கவில்லை

பின்னேரக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் இந்த ஹட்டன் மேடைக்கு வந்து நிற்கிற தாய்மாரே, தங்கச்சிமாரே!

இன்று ஒக்டோபர் 30. 1999இல் இதே நாளில்தான் நம் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் போய்ச் சேர்ந்தார். படத்துக்கு மாலை விழுந்துவிட்டது. எனக்கு முன் பேசியவர்கள் ஐயாவின் புகழை ஒரு மணி நேரம் பாடிவிட்டார்கள். இதே தேதிக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. 1964 ஒக்டோபர் 30. நம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பந்தம் போட்ட நாள். நம்மில் இந்தியாவுக்கு 525,000 பேர். இலங்கைக்கு 300,000 பேர். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1974இல், அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் கிழங்கு மூட்டை பிரிக்கிறவன்கூட மூட்டையை அவிழ்த்து உள்ளே பார்ப்பான். நம்மை யார் பார்த்தார்கள்? யார் கேட்டார்கள்? தொண்டமான் போட்ட சத்தத்தைக்கூடக் காதில் வாங்கவில்லை.

எங்கள் லயத்தில் நாலாவது காம்பரா பெரியம்மாவுடையது. அந்தக் கணக்கில் அவள் இந்தியாவுக்கு ஏறிய கோச்சிக்கு ஊர் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக என் அம்மாவின் கையில் அம்மிக்குழவியைக் கொடுத்தாள். அம்மி லயத்திலேயே கிடந்தது. குழவியை மட்டும் ஏன் அவ்வளவு தூரம் தூக்கி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அப்புறம் கோத்தகிரிப் பக்கம் போய் அங்கேயும் கொழுந்துதான் எடுத்தாள். இங்கே அவள் கள்ளத்தோணி, அங்கே சிலோன்காரி.

இப்போது சனங்களைக் கேட்ட ஒரு தூர தேசத்துக் கதை. தூரம் என்றா சொன்னேன்? 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரன். அவனுக்குப் பின்னால் வந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயரையெல்லாம் நம் மலைக்கு வைத்துவிட்டுப் போனார்கள். தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் தோட்டம் இருக்கிறதே, எடின்பரோவில் அதே பெயருள்ள இடத்தில்தான் ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம் இருக்கிறது. அலெக்ஸ் சால்மண்ட் என்று ஒருவர், ஸ்கொட்லாந்து தேசியக் கட்சித் தலைவர், 2007இல் அங்கே முதலமைச்சரானார். தனிநாடு வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. 2014 செப்டெம்பர் 18 அன்று சனங்களிடமே கேட்டார்கள்: பிரிவதா, இருப்பதா? 55க்கு 45 என்று சால்மண்ட் தோற்றார். தோற்றவர் பதவியை விட்டு இறங்கினார். ஒருவன் கடையையும் ஒருவன் கொளுத்தவில்லை. அதைவிட முக்கியம், யாரைக் கேட்டார்கள் என்பது. அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளையையும் கேட்டார்கள். பொதுநலவாய நாட்டிலிருந்து போய் அங்கே முறைப்படி குடியிருக்கிறவனுக்கும் வாக்கு இருந்தது. உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

நம்மிடம் அதைத்தானே கேட்டார்கள்! 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். நீ இங்கே பிறந்தாய், சரி. அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே? அப்பனுக்கு இல்லையென்றால் தாத்தனுக்கும் பூட்டனுக்கும் காட்டு. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் அத்தாட்சிப் பத்திரம் எழுதினார்கள்? 1949இல் வாக்கையும் பிடுங்கினார்கள். காரணம் மண்ணும் இல்லை, மரபும் இல்லை. 1947 தேர்தலில் நம் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் பிடித்தது. அதில் நுவரெலியா தொண்டமானுடையது. வேறு பல தொகுதிகளில் நம் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. பயந்துபோய்ப் பிடுங்கினார்கள்.

தொண்டமான் தொழிலாளி இல்லை. கங்காணியாக இருந்து வேவண்டன் தோட்டத்தையே வாங்கிய கருப்பையாவின் மகன். துரை பங்களாவுக்குள் இருந்த மனிதர் லயத்துக்காரனுக்குத் தலைவரானார். எனக்கு இது நெடுநாள் உறுத்தல். அவர் பேரத்தில் கெட்டிக்காரராக இருந்ததற்கும் இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவனின் பையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 1972இல் வடக்கின் தலைவர்கள் செல்வநாயகத்தோடும் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தோடும் தமிழர் கூட்டணியில் நின்றார். 1976இல் கூட்டணி தனிநாடு என்றதும் ஒதுங்கிக்கொண்டார். கோழை என்றார்கள். நாலு பக்கமும் மலை சூழ்ந்து கிடக்கிறவன் எந்தக் கடலை எல்லையாகக் காட்டுவான்? சொல்லுங்கள்!

1977இல் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் மூவருக்கு இடம், அவர் மூன்றாவதாக வந்தார். முப்பது வருஷத்துக்குப் பிறகு நம் வாக்கில் போன ஆசனம் அது. அடுத்த வருஷம் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் ஏறினார். 83 ஜூலை இனக்கலவரத்தில் நம் கடையும் லயமும் எரிந்தபோதும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. மேடையில் படம் இருக்கிறது என்பதற்காக மறைக்கவும் மாட்டேன். ஆனால் அதே நாற்காலியில் இருந்துகொண்டே 1984இல் வேலைநிறுத்தம் நடத்தி, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் வாங்கினார். 1986 தைப்பொங்கலோடு பிரார்த்தனைப் போராட்டம். வேலைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்து கும்பிடுங்கள் என்றார். கும்பிடுகிறவளை எந்தப் பொலிஸ் அடிக்கும்? நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் அந்த வருஷமே வந்தது, 1988இல் இன்னொன்று.

இப்போதிருக்கிற தலைவர்மாரைக் கேட்கிறேன். அவர் நாற்காலியை வைத்துச் சட்டம் வாங்கினார். நீங்கள் சட்டத்தை விட்டு நாற்காலியை மட்டும் வாங்குகிறீர்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி தருவோம் என்றீர்கள். எத்தனை பேர் கையில் உறுதி இருக்கிறது? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா! இருநூறு வருஷம் மலையைத் திருத்தியவளுக்கு இன்னும் காகிதம் ஒன்று அச்சடிக்க முடியவில்லை. காணி இல்லாததால் முகவரியும் இல்லை; கடிதம் வந்தாலும் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வருகிறது, பிள்ளையின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வருகிறது.

மழை இறங்கப் பார்க்கிறது, முடிக்கிறேன். பின்னால் மேசையில் காணி உறுதி கேட்கும் மனு இருக்கிறது. பெயர், தோட்டம், டிவிஷன். முகவரி என்று போட்டிருக்கிற இடத்தில் லயத்து நம்பரையும் காம்பரா நம்பரையும் எழுதுங்கள், அதைத் தவிர நமக்கு வேறு முகவரி கிடையாது. கைநாட்டு வைக்கிற ஆத்தாமாருக்கு, பிள்ளைகளே, வாசித்துக் காட்டிவிட்டு மை தடவுங்கள்.