பதிவேட்டில் ஒரு பெயர்



கப்பர்நாகுமுக்கு வரும் வழியெல்லாம் சீடர்கள் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வாதாடிக்கொண்டு வந்ததை மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வீட்டுக்கு வந்தபின் இயேசு அந்தப் பேச்சைப் பற்றி விசாரிக்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நாம் நல்ல அடையாளமாகவே பார்க்கிறோம். கேள்வி உள்ளே தைத்திருக்கிறது.

பரங்கிப்பேட்டையில் நம் மாணவர் குழு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கூடுவது வழக்கம். குழுத் தலைவர் பதினொன்றாம் வகுப்பு மாணவர், பொறுப்பானவர். அவரிடம் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறோம். ஒருநாள் வருகைப் பதிவேட்டைக் காட்டி, "சாமி, இந்தப் பொண்ணு ஆறு வாரமா வரல. ஆர்வம் இல்ல. பேரை எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

சரி என்று சொல்ல வாயெடுத்தோம். குருமாணவராக இருந்தபோது நாமும் ஒரு பையனின் பெயரை இப்படித்தான் நீக்கினோம். அவன் ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது. முப்பது ஆண்டுகள் ஆகியும் உறுத்துகிறது. ஆகவே, "முதல்ல வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வா" என்றோம்.

போனார். அந்தப் பெண்ணின் அம்மா அன்னங்கோயிலில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர். ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய வியாபாரம். அன்று காலையில் சமையலும் கைக்குழந்தையான தம்பியும் இவள் பொறுப்பு. அவள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, என் பேரு இன்னும் இருக்கா?"

மூன்று நாள் கழித்துத் தலைவர் நம்மிடம் வந்தார். "நேரத்தை முடிவு பண்ணது நான்தான் சாமி. எனக்கு வசதின்னு வச்சேன். யாரையும் கேக்கல."

'பார், ஆராய், செயல்படு' என்பதை இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்துப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்த முறையைப் பரப்பியவர் பெல்ஜியம் நாட்டில் 1882இல் பிறந்த கர்தினால் ஜோசப் கார்டைன். குருத்துவப் படிப்பிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்தபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பழைய பள்ளித் தோழர்கள் அவரை அந்நியராகப் பார்த்து ஒதுங்கினார்கள். அவர்களுக்கு விசுவாசம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். அந்த இடைவெளி அவரை விடவில்லை. 1925இல் உருவான இளம் கிறிஸ்தவ தொழிலாளர் இயக்கத்தின் விதை அங்கேதான் விழுந்தது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் தம் சுற்றுமடலிலேயே இம்முறையைப் பரிந்துரைத்தார். ஆனால் 'பார்' என்றதும் நாம் எப்போதும் ஊரைத்தான் பார்க்கிறோம்!

மாணவத் தலைவர்களே, இரவுச் செபத்தில் ஆன்ம சோதனை செய்யும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்றைய கூட்டத்தில் யார் பேசவில்லை? யார் வரவில்லை? அதில் என் பங்கு என்ன?

கூட்டம் இப்போது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. தலைவருக்கு அந்நேரம் டியூஷன். முதல் அரைமணி நேரத்தைத் துணைத் தலைவியே நடத்தட்டும் என்று அவரே சொன்னார். சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடியது உண்மை. போன சனிக்கிழமை அவர் ஓடிவந்து சேர்ந்தபோது கூட்டம் பாதி முடிந்திருந்தது. அந்தப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எதையோ பேசிக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் அவன் பேனாவால் கிறுக்கி வைத்திருந்தான்.