தங்கத்தின் வயதைப் பாறை சொல்லுமா?



பாறைகள் பாடத்தில் கோலார் தங்கவயலைப் பற்றிச் சொல்கிறோம். வட ஆற்காட்டிலிருந்து நம்மவர்கள் பலர் வேலைக்குப் போன ஊர் அது. 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டப்பட்ட அந்தச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அங்குள்ள எரிமலைப் பாறைகளின் வயது சுமார் 270 கோடி ஆண்டுகள் என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி கேட்பாள்: "அப்போ தங்கத்துக்கும் அதே வயசுதானா, சார்?"

இல்லை. எரிமலைக் குழம்பு உறைந்து முதலில் பசால்ட் உருவானது. பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் அது உருமாறியது. அதில் விழுந்த வெடிப்புகளில் சூடான நீர் ஏறி, கரைத்துக் கொண்டுவந்த தங்கத்தை வெண்மையான குவார்ட்ஸோடு சேர்த்துப் படியவிட்டது. ஆகவே தங்கம் பாறைக்குப் பிறகு வந்தது.

இதை வகுப்பறைச் சுவரிலேயே விளக்கலாம். 1985இல் சுவரைப் பூசினார்கள், 2015இல் வெள்ளையடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பூச்சில் ஒரு விரிசல். அதன்மேல் வெள்ளை படிந்திருக்கிறது. விரிசல் எப்போது விழுந்தது? 1985க்குப் பின், 2015க்கு முன். பூச்சுதான் எரிமலைப் பாறை. விரிசல் தங்க நரம்பு. வெள்ளை, அந்த நரம்பை வெட்டிக்கொண்டு பின்னால் ஏறிய பாறை.

தங்கத்தில் காலம் காட்டும் கதிரியக்கக் கடிகாரம் இல்லை. அதனால் முன்னால் வந்த பாறையையும் பின்னால் வந்த பாறையையும் அளக்கிறார்கள். சிர்கான் என்ற கனிமம் படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். காரீயத்தைப் பெரும்பாலும் சேர்க்காது. எனவே இன்று அதில் இருக்கும் காரீயம் யுரேனியம் சிதைந்து வந்ததே. யுரேனியம்-238இன் அரை ஆயுட்காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். இரண்டின் விகிதத்திலிருந்து வயது கிடைக்கிறது. பசால்ட்டில் சிர்கான் அரிது. அங்கே சமாரியம்-நியோடிமியம் முறை உதவுகிறது.

வயதைத் தவறான பாறையில் அளந்தால், எவ்வளவு துல்லியமான எண்ணும் தவறான விடையே. எது எதை வெட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கருவி அதற்கு அடுத்தது.

ஒரு வேண்டுகோள். "இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையில்" என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஒற்றை எண்ணை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட அதுவே அறிவியல்.