தூண்டிலில் வந்த ரொட்டி



‘பிரான்சும் ஜெர்மனியும்: இரு நாடாளுமன்றங்களின் நட்பு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் சின்ன இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு ரொட்டிக் கடையிலிருந்து.

ஜெர்மனியில் சார்லாந்து என்று ஒரு மாநிலம். அதில் லவுட்டர்பாக் என்று ஓர் ஊர். அடுத்த ஊர் கார்லிங். அது பிரான்ஸ். நம் புதுவையில் கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு வந்துவிடுகிறதே, அந்த மாதிரி. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போய் ரொட்டி வாங்குவார். அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வேலைக்கு வருவார். பல ஆண்டுகளாக அப்படித்தான் வாழ்ந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. எல்லையில் தடுப்பு வந்தது. போலீஸ் வந்தது.

லவுட்டர்பாக்கில் ஒரு மனிதர். தினமும் கார்லிங் கடை ரொட்டி தின்று பழகியவர். என்ன செய்தார் தெரியுமா? மீன் பிடிக்கிற தூண்டிலை எடுத்துக்கொண்டு எல்லைக்கு வந்தார். காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊன்றிக்கொண்டு, கயிற்றை அந்தப் பக்கம் வீசினார். ரொட்டிக்காரர் பையை முள்ளில் மாட்டினார். இவர் சுற்றி இழுத்தார். ரொட்டி நாடு விட்டு நாடு வந்தது!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். அந்தக் கைதட்டல் எனக்கில்லை, அவருக்கு. அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர் அமைச்சர் இல்லை, தூதர் இல்லை. ஆனால் இந்தத் தலைப்பில் எனக்கு வழிகாட்டி அவர்தான்.

ரொட்டியின் அருமையைப் புதுவைக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். முழத்துக்கு மேல் நீளமாக, மேலே மொறுமொறுப்பாக, விடியற்காலையில் சைக்கிளில் வருமே அந்த ரொட்டி! எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். திண்ணையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக் காப்பியில் தோய்த்துத் தின்பார். நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து போர்க்கதை கேட்போம். எல்லாக் கதையும் சொல்வார். ஜெர்மானியர் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. ‘அவன்’ என்பார். ‘அவன் வந்தான், அவன் சுட்டான்.’ பெயர் சொல்லக்கூட மனம் வராத பகை, ஐயா!

அந்தப் பகை லேசில் வந்ததா? 1870-இல் ஒரு போர். 1914-இல் ஒரு போர். 1939-இல் ஒரு போர். எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை. நம் கடற்கரைச் சாலையில் நிற்கிறதே பிரெஞ்சுப் போர் நினைவிடம், அது யாருக்காக? 1914-இல் தொடங்கிய போருக்கு இங்கிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பி வராத நம் பிள்ளைகளுக்காக. ஐரோப்பாவில் இரண்டு வீட்டுக்காரர் அடித்துக்கொண்டார்கள், இங்கே நம் வீட்டில் இழவு விழுந்தது. ஆகவே அவர்கள் நட்பாக இருக்கிறார்களா என்று கேட்கும் உரிமை புதுவைக்கு உண்டு!

வெர்சாய் அரண்மனையில் கண்ணாடி மண்டபம் இருக்கிறது. 1871-இல் பிரான்சைத் தோற்கடித்த ஜெர்மானியர்கள் அங்கேதான் தங்கள் பேரரசை அறிவித்தார்கள். 1919-இல் அதே மண்டபத்தில் ஜெர்மனியைக் கையெழுத்துப் போட வைத்தது பிரான்ஸ். நீ என்னை அவமானப்படுத்திய இடத்திலேயே நான் உன்னை அவமானப்படுத்துவேன் என்கிற கணக்கு. அதே அரண்மனை வளாகத்தில் 2003 ஜனவரி 22-இல் இரண்டு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஒன்றாகக் கூடி உட்கார்ந்தார்கள். சொல்தா தாத்தா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஏன் ஜனவரி 22? 1963-இல் அந்தத் தேதியில்தான் பாரிஸ் எலிசே மாளிகையில் பிரெஞ்சு அதிபர் தெகோலும் ஜெர்மன் பிரதமர் அடினாவரும் நட்பு ஒப்பந்தம் போட்டார்கள். இங்கேதான் எனக்கு ஓர் ஆதங்கம். தலைவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சந்திக்க வேண்டும் என்று எழுதினார்கள். வெளியுறவு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. படைத் தளபதிகளுக்கு இடம் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு இடம் உண்டு, இளைஞருக்கு இடம் உண்டு. நாடாளுமன்றங்கள் கூடிப் பேசுவதற்கு? ஒரு வரி இல்லை! மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தைக் கல்யாண வீட்டில் பந்திக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தினால் சும்மா இருப்பார்களா? அதே ஆண்டு மே மாதம் ஒப்பந்தம் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு ஒப்புதலுக்கு வந்தது. உறுப்பினர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள், கூடவே ஒரு முன்னுரையையும் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்க உறவு இருக்கும், நேட்டோ இருக்கும், பிரிட்டனையும் சேர்க்க வேண்டும் என்று! தெகோலுக்கு வந்ததே கோபம். ஒப்பந்தம் ரோஜாவைப் போல, இருக்கிறவரை இருக்கும் என்று கசப்போடு சொன்னார். அடினாவர் யார்? எண்பத்தேழு வயதுக் கிழவர், தன் தோட்டத்தில் தானே ரோஜா வளர்ப்பவர். எனக்கு ரோஜாவைத் தெரியும், முள் அதிகமுள்ள செடிதான் எதையும் தாங்கும் என்றார். தெகோல் இறங்கி வந்தார். ரோஜாப் பூ உதிரும், ரோஜாத் தோட்டம் நிலைக்கும் என்றார். அந்த முள்ளை வைத்தது யார்? நாடாளுமன்றம்! முள் வைத்தவர்களுக்குத்தான் தோட்டத்தில் இடமில்லை.

இதை நான் பேச வருகிறேன் என்று தெரிந்ததும், சென்ற வாரம் இன்னொரு மேடையில் ஒருவர் பேசியிருக்கிறார். பெயர் வேண்டாம். நாடாளுமன்ற நட்புக்குழு என்பதெல்லாம் உறுப்பினர்கள் ஊர் சுற்றுகிற வேலை, உறவு வளர்ப்பது படித்த தூதர்களின் வேலை என்றாராம். அவருக்கு ஒரு தச்சரைக் காட்டுகிறேன்.

இங்கிலாந்தில் 1828-இல் ஓர் ஏழை வீட்டில் பிறந்தார் ராண்டல் கிரீமர். தகப்பன் விட்டுப் போய்விட்டான், தாய் வளர்த்தாள். உளி பிடித்துத் தச்சு வேலை செய்தார், தொழிற்சங்கம் கட்டினார், நாடாளுமன்றத்துக்குப் போனார். போனதும் என்ன செய்தார்? அமெரிக்காவும் பிரிட்டனும் சண்டைக்குப் போகாமல் நடுவர் வைத்துப் பேசித் தீர்க்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை எழுதினார். சக உறுப்பினர்கள் 230 பேருக்கு மேல் கையெழுத்து வாங்கினார். தமிழ்நாட்டுச் சட்டமன்றமே எழுந்து நின்று கையெழுத்துப் போட்ட மாதிரி! 1887-இல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடல் கடந்து அமெரிக்க அதிபர் கிளீவ்லாண்டைப் பார்த்தார். பாரிசிலிருந்து பிரெஞ்சு உறுப்பினர் பிரெடெரிக் பாசி கை நீட்டினார். 1889-இல் பாரிசில் இரண்டு பேரும் பல நாட்டு உறுப்பினர்களைக் கூட்டினார்கள். இன்று ஜெனீவாவில் இருக்கிற உலக நாடாளுமன்றங்களின் ஒன்றியம் அங்கே பிறந்தது. பாசிக்கு 1901-இல் நோபல், கிரீமருக்கு 1903-இல் நோபல். கிரீமர் வாங்கிய பணத்தில் பெரும்பகுதியைச் சமாதானச் சங்கத்துக்கே எழுதி வைத்தார். ஊர் சுற்றினாராம்! இப்படி நாலு பேர் சுற்றியிருந்தால் கடற்கரையில் அந்த நினைவிடம் எதற்கு?

சரி, கதைக்கு வருகிறேன். பந்திக்கு வெளியே நின்றவர்களுக்கு இலை போட 56 ஆண்டு ஆனது. 2019 மார்ச் 25-இல் பாரிசில் பிரெஞ்சு-ஜெர்மன் நாடாளுமன்றப் பேரவை கூடியது. பிரான்சிலிருந்து 50 பேர், ஜெர்மனியிலிருந்து 50 பேர். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். கூட்டம் பொதுமக்கள் பார்க்க நடக்க வேண்டும். அமைச்சர்களைக் கூப்பிட்டு, ஒப்பந்தத்தில் எழுதியதைச் செய்தீர்களா என்று கேட்கலாம். சட்டம் போடும் அதிகாரம் கிடையாது. தீர்மானம் போடலாம், அவ்வளவுதான். ஒரு நாட்டு அமைச்சர் இரண்டு நாட்டு உறுப்பினர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது போதாதா?

இந்தப் பேரவைக்கான உடன்பாட்டில் ஜெர்மன் பக்கத்தில் கையெழுத்திட்டவர் ஷொய்ப்ளே. 1972 முதல் 2023 இறுதியில் மறையும்வரை உறுப்பினர். 1990-இல் தேர்தல் கூட்டத்தில் சுடப்பட்டு, அதன்பிறகு சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். அவருடைய தொகுதி ரைன் நதிக்கரை. எதிர்க்கரையில் ஸ்டிராஸ்பூர்க், பிரான்ஸ். அங்கே இன்று டிராம் பாலம் ஏறி நாடு தாண்டுகிறது. தொகுதிக்குப் போனால் அவரிடம் மக்கள் எதைக் கேட்டிருப்பார்கள்? ஐயா, அக்கரையில் வேலை, பஸ் எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களா என்றுதானே! வோட்டுப் போட்டவன் மூக்குக்கு நேரே நின்று கேட்பான், பதில் சொல்லியாக வேண்டும்.

தூண்டில் போட்டாரே ஒரு மனிதர், அவருக்காக யார் பேசினார்கள்? எல்லையை மூடியது அரசாங்கங்கள். வீடியோ வழியாகக் கூடிய அந்த 100 பேரின் பேரவையில்தான் எல்லை ஊர்களின் கஷ்டம் பேசப்பட்டது. ஜூன் 15-இல் தடுப்பு விலகியது. அவர்களால்தான் விலகியது என்று நான் சொல்ல மாட்டேன், நோயும் தணிந்திருந்தது. ஆனால் பேச ஓர் அவை இருந்தது. 1963 ஒப்பந்தத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த மனிதர் தூண்டிலைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

நமக்கு இது தெரியாதா? 1954 அக்டோபர் 18, கீழூர். நாம் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிர்ப்பு 8. தட்டுங்கள், அது உங்கள் கைதட்டல்! 1956-இல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாரிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி இந்தியாவானோம். ஆறு ஆண்டு காத்திருந்தவர்கள் நாம். உறுப்பினர் கை தூக்காவிட்டால் ஒப்பந்தம் பெட்டியில் தூங்கும் என்று எந்தத் தூதரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. இந்த அரங்கில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் சொல்தா வீட்டுப் பிள்ளைகள் பல பேர் இருக்கிறீர்கள், முகத்தைப் பார்க்கிறேன். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு வாக்கு உண்டு. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் பென்ஷனைக் கேளுங்கள், விசாவைக் கேளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: அந்த 50 பேரில் நீங்கள் உண்டா? இல்லையென்றால், ஏன் இல்லை? அவர் சொல்கிற பதிலை எனக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.